அடுப்பும் சுமைகூலியும்: ரமணாசிரமச் சுற்றுவட்டாரத்தில் வீடு மாற்றுதல் குறித்து ஓர் ஆய்வு

அருணாசலத்தைப் பற்றி வந்திருக்கும் புத்தகங்களை எல்லாம் ஓரிடத்தில் குவித்தால் அவற்றை ஏற்றிச் செல்லவே ஒரு வண்டி பேச வேண்டியிருக்கும். அந்த வண்டியைப் பற்றித்தான் யாரும் எழுதவில்லை. மலையின் மகிமையையும் தீபத்தின் தத்துவத்தையும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலத்தின் பலனையும் ஆராய்ந்த அறிஞர்கள், ரமண நகரில் ஒரு சந்திலிருந்து அடுத்த சந்துக்குக் குடிபோகிறவருக்கு ஏன் குட்டியானை வண்டி இரண்டு நடை அடிக்க வேண்டியிருக்கிறது என்ற கேள்வியைத் தொடாமலே போய்விட்டார்கள். சுமைகூலியைத் தூரம் தீர்மானிக்கிறது என்று வாடகைக்கு வருகிறவர்கள் நம்புகிறார்கள்; எடை என்கிறார்கள் வண்டிக்காரர்கள்; எத்தனையாவது மாடி என்பதே கணக்கு என்று சுமை தூக்குகிறவர்கள் சொல்கிறார்கள். மூன்றும் மேலோட்டமான கருத்துகள். கூலியைத் தீர்மானிப்பது அடுப்பு. அடுப்பு இல்லாதவன் இடம் மாறுகிறான், அவ்வளவுதான். அடுப்பு உள்ளவன் வீடு மாற்றுகிறான், அதற்குத்தான் ஆள் வேண்டும். இக்கருதுகோளை நிறுவ இந்த வட்டாரத்தைவிடப் பொருத்தமான ஆய்வுக்களம் தமிழ்நாட்டில் இல்லை. ஒரே மனிதர், ஒரே மலை, பல குடியிருப்புகள், அடுப்புக்கு முன்னும் பின்னும் என இரண்டு காலகட்டங்கள், எல்லாவற்றுக்கும் ஆவணம் என்று ஒரு முழுமையான சோதனையே இங்கு நடந்து முடிந்திருக்கிறது.

1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையில் வீட்டை விட்டுக் கிளம்பிய, பின்னாளில் ரமணர் என்று அறியப்பட்ட வேங்கடராமனுக்கு அப்போது வயது பதினாறு. அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று இருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு இரண்டை விட்டுவிட்டுப் போனார். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் இறங்கியவர், வழியில் ஒரு வீட்டில் கொடுத்தனுப்பிய பலகாரப் பொட்டலத்தையும் மிச்சமிருந்த காசையும் அய்யங்குளத்தில் எறிந்தார். சரித்திரக்காரர்கள் இதில் துறவைப் பார்க்கிறார்கள். சுமைகூலி ஆய்வாளனின் கண்ணில் படுவது அந்தப் பொட்டலம்: கையிலிருந்த ஒரே உணவுச் சாமான் குளத்துக்குப் போய்விட்டது. விளைவைப் பாருங்கள். அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் ஆயிரங்கால் மண்டபம், பாதாள லிங்கம், சுப்பிரமணியர் சந்நிதி, நந்தவனம், வாகன மண்டபம், இலுப்பை மரத்தடி, மங்கைப் பிள்ளையார் கோயில், குருமூர்த்தம், மாந்தோப்பு, அருணகிரிநாதர் கோயில், பவழக்குன்று என்று பத்துக்கும் மேற்பட்ட இடங்களில் அவர் தங்கினார். அட்வான்ஸ் இல்லை, ஏற்றுக்கூலி இல்லை, இறக்குக்கூலி இல்லை. 1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகை. கோடையில் அங்கே தண்ணீர் கிடைக்காது. ஆகவே ஆண்டுதோறும் மாமரத்துக் குகைக்குக் குடிபெயர்ச்சி, மழைக்குப் பின் திரும்பி வருதல். இன்றைய கணக்கில் வருஷத்துக்கு இரண்டு முறை வீடு மாற்றும் குடித்தனக்காரரை எந்த வீட்டுக்காரரும் சேர்க்க மாட்டார். ஆனாலும் அந்தப் பதினேழு ஆண்டுகளில் சுமை தூக்க ஆள் பேசியதாக ஒரு குறிப்பும் இல்லை. காரணம் எளிது: சாப்பாடு ஊரிலிருந்து பிட்சையாக வந்தது. பிட்சைக்குப் போகும் அடியார்கள் பாட ஒரு பாட்டு வேண்டுமென்று கேட்கப்போய்த்தான் ‘அட்சரமணமாலை’ பிறந்தது. ஆக, அடுப்பு இல்லாத குடித்தனத்துக்குச் சுமக்க வேண்டியிருந்தது பிட்சைப் பாத்திரமும் ஒரு பாட்டும்தான். பாட்டுக்கு எடை கிடையாது.

1916இல் தாயார் அழகம்மாள் மகனோடு தங்கிவிட வந்தார். இந்த ஆய்வின் திருப்புமுனை இதுதான். தாய் வந்த இடத்தில் அடுப்பு எரியாமல் இருக்குமா? அதே ஆண்டு குடியிருப்பு மேலே உள்ள ஸ்கந்தாசிரமத்துக்கு மாறியது. அங்கே வற்றாத ஊற்று உண்டு என்பது தற்செயல் என்று நினைப்பவர்கள் சமைத்துப் பார்க்காதவர்கள். அடியார்களுக்குச் சமைத்த சோறு கிடைக்கத் தொடங்கியது. தாயார் அப்பளம் இடக் கிளம்பியதும், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த பிறகு இது எதற்கு என்று மகன் கேட்டதும், உதவிக்குக் கூப்பிட்டபோது அப்பளம் இடுவதற்குப் பதிலாக ‘அப்பளப் பாட்டு’ எழுதிக் கொடுத்ததும் பலர் அறிந்த கதை. பாட்டின் வேதாந்தத்தை உரையாசிரியர்கள் விளக்கியிருக்கிறார்கள். அதற்குள் வரும் தளவாடப் பட்டியலை இதுவரை யாரும் சுமைகூலிக் கண்ணோடு பார்க்கவில்லை: ஏந்திரம், உலக்கை, பலகை, பாத்திரம். ஏந்திரத்தை மலைப் படிகளில் ஏற்ற ஒரு பலசாலியாவது வேண்டும். விரூபாட்ச குகையின் பதினேழு ஆண்டுச் சாமானையும் ஓர் அப்பளத்தின் சாமானையும் தராசில் வைத்தால் எந்தத் தட்டு தாழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். 1922 மே 19 அன்று தாயார் மறைந்தார். மலையடிவாரத்தில் சமாதி எழுந்தது. ஸ்கந்தாசிரமத்திலிருந்து அங்கே வந்து போய்க்கொண்டிருந்த ரமணர், அந்த ஆண்டின் இறுதியில் ஒரு நாள் போனவர் திரும்பவே இல்லை. அடுப்பு வந்த பிறகு நடந்த இந்தக் குடிபெயர்ச்சியில் அவர் கைவீசித்தானே நடந்தார், கருதுகோள் என்னவாயிற்று என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. பதில் இதுதான்: சமாதியைக் கவனித்துக்கொள்ளச் சிலர் முன்பே கீழே தங்கியிருந்தார்கள், தங்கியிருந்தவர்கள் மாதக்கணக்கில் பட்டினி கிடந்திருக்க முடியாது, எனவே அடுப்பு முன்கூட்டியே இறங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும். அடுப்பு எங்கே போகிறதோ அங்கே மனிதன் பின்னால் போகிறான். அதற்குப் பின் நடந்தது கருதுகோளுக்கு இன்னும் சாதகம். ஆசிரமத்தில் சமையல் வளர்ந்தது, 1926இல் பசு லட்சுமி வந்தாள், கோசாலையும் சமையற்கூடமும் உணவுக்கூடமும் அண்ணாமலை சுவாமியின் மேற்பார்வையில் எழுந்தன, விடியுமுன் எழுந்து காய்கறி நறுக்கவும் சட்னி அரைக்கவும் ரமணரே உட்கார்ந்தார். மூன்றாண்டுக்குள் பத்து இடம் மாறியவர், 1922 முதல் 1950 ஏப்ரல் 14 வரை வேறெங்கும் குடிபோகவில்லை. பக்தர்கள் இதற்கு வேறு காரணம் சொல்வார்கள். அதை மறுக்கும் துணிவு இக்கட்டுரைக்கு இல்லை. ஆனால் அந்தச் சமையற்கூடத்தைக் கிளப்பி இன்னோர் இடத்துக்கு ஏற்ற எத்தனை நடை ஆகும் என்பதையும் யோசித்துப் பார்க்கலாம்.

இன்னொரு சான்று 1924 ஜூன் 26 இரவுக்குரியது. அன்று ஆசிரமத்துக்குள் திருடர்கள் புகுந்தார்கள். கூலி வாங்காமல் சாமான் தூக்குகிறவர்கள் என்ற வகையில் திருடர்களும் இந்த ஆய்வின் எல்லைக்குள் வருகிறார்கள். ஒரு வீட்டில் எடுக்கத் தகுந்தது எது என்பதை அவர்களைவிடப் பாரபட்சமில்லாமல் மதிப்பிடுவார் யார்? ரமணரின் தொடையில் அடியும் விழுந்தது. மற்றத் தொடையிலும் அடிக்கலாம் என்றார் அவர். எல்லாம் தேடிய பிறகு அவர்கள் கொண்டுபோனவற்றில் சாமி படங்களுக்குச் சாத்தும் வெள்ளித் தகடுகளையும் சிறிது பணத்தையும் விட்டுவிட்டால் மிஞ்சுவது அரிசியும் மாம்பழமும். தொழில்முறை மதிப்பீட்டிலும் சமையலறையே முன்னே நின்றது.

இனி நிகழ்காலம். செங்கம் சாலையை ஒட்டிய தெருக்களில் வீடு மாற்றுகிறவர் முதலில் பார்ப்பது பஞ்சாங்கம். ஆடியும் மார்கழியும் கூடாது, செவ்வாய் கூடாது, மற்ற நாளிலும் ராகு காலத்துக்கு ஒன்றரை மணி, எமகண்டத்துக்கு ஒன்றரை மணி போக மீதி. இதற்கு மேல் இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு கழித்தல் உண்டு: பௌர்ணமி. ஆசிரமத்து வாசலே கிரிவலப் பாதையில் இருப்பதால் அன்று வண்டி உள்ளே வராது. கார்த்திகை தீபத்தின்போது நினைத்தே பார்க்கக் கூடாது. இத்தனை கழித்தும் பஞ்சாங்கம் எதற்கு நேரம் குறிக்கிறது என்று கவனியுங்கள். பால் காய்ச்ச. கட்டிலுக்கும் பீரோவுக்கும் முகூர்த்தம் இல்லை. அவை எமகண்டத்தில் ஏறி ராகு காலத்தில் இறங்கினாலும் கேட்பாரில்லை. புது வீட்டில் முதலில் நுழைய வேண்டியவை சாமி படம், விளக்கு, நிறைகுடம், உப்பு, மஞ்சள், அரிசி, பருப்பு. படத்தையும் விளக்கையும் நீக்கினால் மற்றவை அனைத்தும் சமையலறைக்கே உரியவை. பால் பொங்கும்வரை அது காலி வீடு. பொங்கிய கணத்தில் குடிவந்த வீடு. நம் முன்னோர்கள் இந்தக் கட்டுரையின் முடிவை எப்போதோ கண்டுபிடித்து, கட்டுரை எழுதாமல் சடங்காக்கி வைத்துவிட்டார்கள்.

பீரோவை ஏன் ஒதுக்குகிறீர்கள் என்று வண்டிக்காரர்கள் கேட்பார்கள். போனில் அவர்கள் விசாரிக்கும் முதல் கேள்வியே பீரோ எத்தனை, கட்டிலைக் கழற்ற வேண்டுமா, எந்த மாடி என்பதுதானே. உண்மை. ஆனால் அந்தக் கேள்விகளுக்குச் சரியான விடை உண்டு. பீரோ ஒன்று என்றால் ஒன்றுதான். நான்கு பேர் பிடித்தால் ஏறிவிடும். விடை இல்லாத இடம் அதற்கு அடுத்த வரியில் வருகிறது: “மத்தபடி கொஞ்சம் பாத்திரம்தாங்க.” தமிழில் தினமும் சொல்லப்படும் வாக்கியங்களில் இதைவிட நம்பத்தகாதது அரசியல் மேடைகளில்கூட அரிது. அந்தக் ‘கொஞ்ச’த்துக்குள் முழு எரிவாயு உருளை ஒன்று, அது மட்டுமே ஏறத்தாழ முப்பது கிலோ, கிரைண்டர், மிக்சி, கல்யாணத்துக்கு வந்த அண்டா, மூடி இல்லாத டப்பாக்கள், டப்பா இல்லாத மூடிகள். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லாப் பொருள் திட்டத்தில் அரசு கொடுத்தவை மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. மூன்றில் இரண்டு சமையலறைக்கு. அதற்கு முன் 2006இல் அமைந்த அரசு எரிவாயு அடுப்பு கொடுத்தது. டாடா ஏஸ் என்ற குட்டியானை சந்தைக்கு வந்தது 2005இல். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று பொருளாதார நிபுணர்கள் சொல்லக்கூடும், சொல்லட்டும்.

இதைவிடக் கடினமான மறுப்பு திருவண்ணாமலையில் வாழ்ந்த துறவி யோகி ராம்சுரத்குமார் வழியாக வருகிறது. சந்நிதித் தெரு வீட்டுக்குப் போகும் முன், தேரடியிலும் புன்னை மரத்தடியிலும் அவர் நாளைக் கழித்த காலத்தில், பழைய செய்தித்தாளும் பிறவும் அடைத்த சாக்கு மூட்டைகள் கூடவே இருந்தன. அடுப்பு கிடையாது, ஆனாலும் இடம் மாறும்போது தூக்க ஆள் வேண்டியிருந்தது. கருதுகோளில் இதனால் ஒரு கீறல் விழுந்தது உண்மைதான். ஆனால் தூக்கியவர்கள் அன்பர்கள், கூலிக்காரர்கள் அல்லர். இக்கட்டுரை கூலியைப் பற்றியது. உணவுக்கென்று அவர் வைத்திருந்த ஒரே பாத்திரம் கொட்டாங்குச்சி, அதுவும் அவர் கையிலேயே இருந்தது. மூட்டையைப் பிறரிடம் கொடுக்கிறவரும் பாத்திரத்தைத் தானே வைத்துக்கொள்கிறார் என்பது கருதுகோளுக்கு எவ்வளவு ஆதரவு என்பதை வாசகர் தீர்மானிக்கலாம்.

சீசனில் வரும் வெளிநாட்டவரையும் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் ஒரு முதுகுப் பையோடு இறங்குகிறார்கள், ஆட்டோ போதும். ஆசிரமத்தில் சாப்பிடும்வரை ஆட்டோவே போதும். பிறகு சாம்பார் காரம் என்று ஒரு தூண்டல் அடுப்பு வாங்குகிறார்கள். அடுப்புக்குப் பின்னால் தண்ணீர் வடிகட்டி, அதற்குப் பின்னால் பழச்சாறு எந்திரம். கோடை தொடங்கி ஊர் திரும்பும்போது, உலகை உதறிவிட்டு வந்தவரின் சாமானை அடுத்த நவம்பர்வரை யார் வீட்டு மொட்டை மாடியில் போடுவது என்று குட்டியானைக்காரர் யோசிக்க வேண்டியிருக்கிறது. இது வெளிநாட்டவருக்கு மட்டும் உரிய குணம் அல்ல. சென்னையிலிருந்து ஓய்வுபெற்று ‘இனி எதுவும் வேண்டாம்’ என்று வருகிறவர்கள் இரண்டு குளிர்பதனப் பெட்டியோடு வருகிறார்கள்.

வண்டி போகாத இடத்தில் இந்த விதி செல்லுமா என்றும் சோதிக்க வேண்டும். அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் அடியில் ஹவாசுபாய் பழங்குடியினரின் சுபாய் என்ற ஊர் இருக்கிறது. சாலை கிடையாது, எட்டு மைல் ஒற்றையடிப் பாதை, தபால் இன்றும் கோவேறு கழுதை முதுகில் போகிறது. அந்தத் தபால் மூட்டைகளில் கடிதங்களோடு மளிகையும் இறங்குகிறது. விரூபாட்ச குகையில் பிட்சைப் பாத்திரம், சுபாயில் கழுதைத் தபால்: பாதை எவ்வளவு குறுகினாலும் கடைசியில் அதில் போவது சோறுதான்.

ஆகவே இவ்வட்டாரத்தில் வீடு மாற்றுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்டி பேசும்போது பீரோவிலிருந்து தொடங்காதீர்கள். சமையலறையில் நின்றுகொண்டு பேசுங்கள். ‘கொஞ்சம்’ என்று சொல்லாமல் எத்தனை மூட்டை, எத்தனை அட்டைப்பெட்டி என்று எண்ணிச் சொல்லுங்கள். உருளையையும் அடுப்பையும் கடைசியில் ஏற்றுங்கள், அவைதான் முதலில் இறங்க வேண்டும். பௌர்ணமி எந்த நாள் என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி இரண்டையும் சேர்த்தே பேசிவிடுங்கள். டீக்காசு அதில் சேராது.