இடது கால் பிரதாபம்

எங்கள் தெருவில் பழைய கார்ப் பைத்தியங்கள் இருவர். ஒருவன் நான்; என்னிடம் இருப்பது மோரிஸ் மைனர். இன்னொருவர் எதிர்வீட்டு சார். அவருடையது நம் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்ட். மைனர் இங்கிலாந்தில் 1948இல் வந்தது, ஹெரால்டும் முதலில் அங்கேதான், 1959இல். எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சண்டையெல்லாம் அந்தப் பதினோரு வருஷ இடைவெளியைப் பற்றித்தான். குறிப்பாக, கிளட்ச்.

மைனரில் பெடலை மிதித்தால் ஒரு ராடு நகரும். அது குறுக்கே கிடக்கும் தண்டைத் திருப்பும். தண்டு இன்னொரு ராடை இழுக்கும். அந்த ராடு ஃபோர்க்கை அசைத்து, அதன் முனையில் உள்ள கார்பன் பேரிங் ஒருவழியாகக் கிளட்சை அழுத்தும். தாலுகா ஆபீஸில் மனு போட்டது போல ஒவ்வொரு மேஜையாக நகர வேண்டும். மூட்டுக்கு மூட்டு பின் தேயும், துளை அகலும். என் கால் தரையைத் தொட்டுவிடும். கிளட்ச் பாதியில்தான் விட்டிருக்கும். முதல் கியர் போடும்போது ‘கர்ர்ர்’ என்று தெருவே திரும்பிப் பார்க்கும்.

“வண்டி நம்மகிட்ட பேசுது” என்பேன் நான்.

“பேசலைங்க, திட்டுது” என்பாள் மனைவி.

ஹெரால்டில் இந்த ராடு பரம்பரையே கிடையாது. பெடல் மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும், ஆயில் குழாய் வழியே ஓடி ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளும், முடிந்தது கதை. இதில் ஒரு நியாயமும் உண்டு. இன்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மேல். கிளம்பும்போது அது ஆடத்தான் செய்யும். மைனரில் அந்த ஆட்டம் ராடு வழியாகக் கிளட்சுக்கே திரும்பி, வண்டி உதறிக்கொண்டு புறப்படும். வளைந்துகொடுக்கும் ஹோஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. இதை நான் எதிர்வீட்டு சாரிடம் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. என் மாமியார் வண்டியிலிருந்து இறங்கும்போது மூக்குக்கண்ணாடி நெற்றியில் இருந்தால், “ரோடு சரியில்லை அத்தை” என்று சொல்லிவிடுவேன்.

ஆனால் ஹெரால்டுக்கும் ஒரு நாள் வரும். உள்ளே ரப்பர் வாஷர் போய், காற்று புகுந்து, பெடல் பொதபொதவென்று இறங்கும். அப்போது ஏர் எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். சார் வண்டிக்குள் தலைகீழாகப் படுத்து ஸ்பேனரோடு “மிதி! பிடி! விடு!” என்று கத்துவார். சீட்டில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி, முப்பது வருஷக் கணக்கையெல்லாம் அந்தப் பெடலில் தீர்த்துக்கொள்வார். பிரேக் ஆயில் பெயின்டில் சிந்தினால் பெயின்டும் போச்சு, அன்றைய சாப்பாடும் போச்சு. நான் திண்ணையில் காபியோடு உட்கார்ந்து, “எங்க வண்டிக்கு ஒரு நட்டைத் திருகினா போதும் சார்” என்பேன். அந்த நட்டைத் திருக நான் சட்டையோடு வண்டிக்கடியில் ஊர்ந்ததை என் வீட்டுத் துவைக்கும் கல் அறியும்.

நடுநிலையாகச் சொன்னால், தினமும் ஓட்ட ஹெரால்டின் ஆயில் கிளட்ச்தான் மேல். திண்ணையில் பெருமை பேச மைனர். இதையும் மீறி மைனர் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சிக்னலில் பெடலை மிதித்தபடியே நிற்காதீர்கள். கார்பன் தேய்ந்துவிடும், அதை மாற்ற இன்ஜினையோ கியர் பாக்ஸையோ கழற்றியே ஆக வேண்டும்.