டக்குனு ஒட்டுச்சா?

இன்னா தம்பி, சி.பி. ராமசாமி ரோட்டுல நாலு ஜன்னலையும் எறக்கிவுட்டுக்கினு மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கினு வர்றே? ஏசி பூட்ச்சா? "கம்ப்ரசர் அவுட்டு, மொத்தமா மாத்தணும்"னு சீட்டு குடுத்துட்டானா? அபிராமபுரத்துலேர்ந்து மந்தைவெளிக்குக் காய் வாங்கப் போறதுக்கே 18 டிகிரி வைக்கிற ஆளாச்சே நீ. கத்திரி வெயிலு எப்பிடிப்பா தாங்குவே?

மொதல்ல பானெட்டைத் தொற. வண்டி ஓடட்டும், கையை மட்டும் உள்ள வுடாதே. வூட்டுக்காரம்மாவை உள்ள குந்தவச்சு ஏசி பட்டனை அமுக்கச் சொல்லு. கம்ப்ரசர் புல்லிக்கு முன்னாடி ஒரு தட்டு கீது பாரு, அதான் கிளட்ச், அது டக்குனு ஒட்டிக்கினு சுத்தணும். ஒட்டலியா? உடனே ஒப்பாரி வைக்காதே. ஃபியூஸ் போயிருக்கலாம். ரிலே போயிருக்கலாம். கிளட்ச் காயில் எரிஞ்சிருக்கலாம். கேஸ் கம்மியானாலும் ஒட்டாது. பல வண்டியில ஹாரன் ரிலேவும் ஏசி ரிலேவும் ஒரே மாதிரிதான். மாத்திச் சொருகிப் பாரு, காசா பணமா?

வருசா வருசம் கேஸ் ரொப்புறியே, அது இன்னா பெட்ரோலா, ஓட ஓடத் தீர்றதுக்கு? மூடுன குழாய்க்குள்ளயே சுத்துற சாமான். கொறஞ்சா எங்கியோ லீக்கு. அதை அடைக்காம ரொப்புறவன் உனுக்கு மெக்கானிக் இல்ல, மாசச்சீட்டு புடிக்கிறவன்.

மெய்யாலுமே கம்ப்ரசர் ஜாம் ஆயிட்டா கதையே வேற. தட்டு ஒட்டுனதும் பெல்ட்டு கிறீச்சுனு அலறும், ரப்பர் கருகுற வாடை வரும். புதுப்பேட்டையில பழசு வாங்கலாம், தப்பில்ல. தட்டைக் கையால சுத்திப் பாரு, எங்கியும் சிக்கக் கூடாது. வாயில கீற எண்ணெயை விரல்ல தொட்டுப் பாரு. கறுப்பா, இரும்புத் தூளு மினுக்குனா அங்கியே வச்சிட்டு வந்துரு. ஜாம் ஆன கம்ப்ரசர்லேர்ந்து உன் வண்டிக் குழாய்லயும் அதே மாதிரி தூளு பூந்திருக்கும். கழுவாம, டிரையரை மாத்தாம மாட்டுனியோ, புதுசும் பூடும்.

கம்ப்ரசர் மாத்தக் கையில துட்டு இல்லியா? அதுக்கும் ஒரு பழைய வழி கீது. அமெரிக்காவுல பேக்கார்டு கம்பெனிக்காரன் 1940 மாடல்ல ஏசி வச்சான். அதுல கிளட்சே கெடயாது. ஏசி வேணாம்னா வண்டிய நிறுத்தி, எறங்கி, பெல்ட்டைக் கழட்டணும். அவ்ளோ பெரிய கார்லயே அந்தக் கூத்துதான்! உன் வண்டியிலயும் ஏசிக்குத் தனி பெல்ட்டுன்னா கழட்டி வை. ஆல்டர்னேட்டரும் அதே பெல்ட்டுல சுத்துச்சுன்னா தொடாதே, பேட்டரி படுத்துரும். கம்ப்ரசரை வுட்டுட்டு சின்ன பெல்ட்டு போட முடியுமான்னு மெக்கானிக்கைக் கேளு. அதுவரிக்கும் ஜன்னல் காத்து வாங்கு. அம்பாசடர்ல முக்கோணக் கண்ணாடியத் திருப்பிவுட்டுக்கினு ஊரே போச்சு, ஒருத்தனும் உருகிப் போவல.

எதை மாத்துனாலும் சரி, கழட்டுன பழசைக் கையில வாங்கிப் பாத்துட்டு அப்புறமா துட்டை எண்ணு.