தீப்பெட்டிக்குள் ஆய்வுக்கூடம்

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் அறிவியலை மனப்பாடம் செய்கிறாள். பள்ளி ஆய்வுக்கூடம் பூட்டியே கிடக்கிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, ஹெப்பாள், மைசூரு

பதில்: முதலில் தீப்பெட்டியைத் திறங்கள்! மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய திட்டத்தில் பிள்ளைகள் செய்துபார்த்தே அறிவியல் படித்தார்கள். தேர்வில்கூடப் புத்தகத்தைத் திறந்து பார்க்க முடிந்தது. அங்கே போன பொறியாளர் அரவிந்த் குப்தா, தீக்குச்சிகளை சைக்கிள் வால்வு டியூபால் இணைத்துக் காட்டினார். சதுரத்தை அழுத்தினால் சாயும், முக்கோணம் அசையாது. பாலங்களில் முக்கோணம் ஏன் என்று விரலே சொல்லிவிடும். 2002-இல் அரசு அத்திட்டத்தை மூடியது பெரிய இழப்பு. அதே வழியை வீட்டில் தொடரலாம். மகளிடம் செம்பருத்திப் பூச்சாற்றைக் கொடுங்கள்: எலுமிச்சையில் சிவக்கும், சோப்புநீரில் பச்சையாகும். ஹெப்பாள் ஏரித் தண்ணீரில்? அதை அவளே கண்டுபிடிக்கட்டும். பெற்றோர்கள் சேர்ந்துபோய் ஆய்வுக்கூடச் சாவியையும் கேளுங்கள்.