நட்டு முடுக்க மூன்று வருஷம், ஏஐக்கு நாலரை மணி

அனுப்புநர்
நிரந்தர ட்ரெய்னிகள்,
கம்பெனி பஸ் நிற்கும் இடம்,
குந்தாரப்பள்ளி கூட்ரோடு,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்
இந்தியா ஏஐ மிஷன்,
புது தில்லி.

பொருள்: அறிவூட்டியமைக்கு நன்றி தெரிவித்தலும் சிறு விளக்கங்கள் கோருதலும் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். 2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவை உங்களுக்கு சுமார் 10,372 கோடி ரூபாய் ஒதுக்கியதையும், 2025 நவம்பரில் நீங்கள் ‘யுவா ஏஐ ஃபார் ஆல்’ என்ற இலவசப் பாடத்தைத் திறந்ததையும் அறிந்து மகிழ்ந்தோம். ஆறு பாகம், நாலரை மணி நேரம், முடித்தால் இந்திய அரசின் சான்றிதழ். இலக்கு ஒரு கோடிப் பேர். கம்பெனி பஸ்ஸில் போக வரவே முடித்துவிடலாம், தூங்காமல் இருந்தால்.

எங்கள் சந்தேகம் கால அளவைப் பற்றியது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2013-ல் ‘நீம்’ என்றொரு திட்டம் கொண்டுவந்தது. அதன்படி ஒருவரை 3 மாதம் முதல் 36 மாதம் வரை ட்ரெய்னியாக வைத்திருக்கலாம் என்றிருந்தது. அவர் ஊழியராகக் கருதப்படவில்லை. சம்பளம் கிடையாது, உதவித்தொகைதான் இருந்தது. எங்களுக்குக் கிடைத்த பயிற்சி, டார்க் ரெஞ்ச் பிடித்து நட்டு முடுக்குவது. முதல் வாரத்திலேயே கை பழகிவிட்டது. மீதி முப்பத்தைந்தே முக்கால் மாதமும் அதே நட்டில் உயர் ஆராய்ச்சி.

ஆக, அரசாங்கக் கணக்கில் செயற்கை நுண்ணறிவுக்கு நாலரை மணி, நட்டுக்கு மூன்று வருஷம். உலகத்திலேயே கடினமான வித்தை எங்களுடையதுதான் என்று இனி பெண் பார்க்கப் போகிற வீட்டில் தைரியமாகச் சொல்லலாம்.

ஏஐயிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்று படித்துவிட்டு வேலைக்குப் போகிறோம். கேட்டிலேயே செல்போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். உள்ளே போனால் ஏஐ எங்களுக்கு முன்பே வந்து, கேமராவாகத் தலைக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு நட்டுக்கு எத்தனை நொடி எடுத்தாய் என்று அதுதான் எங்களைக் கேட்கிறது.

எங்கள் மாவட்டத்து ஓசூரில் இருக்கும் டிவிஎஸ் மோட்டார் 2002-ல், தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் பரிசை வென்றது. அந்தத் தர முறையில் முக்கியமானது, மெஷின் பக்கத்தில் நிற்பவரின் யோசனையைக் கேட்டு வேலையைச் சிறிது சிறிதாக மேம்படுத்துவது; கைசன் என்பார்கள். எந்தச் சத்தம் வந்தால் எந்த பேரிங் போகப்போகிறது என்பது வருஷக்கணக்காக அங்கே நின்றவருக்குத்தான் தெரியும். ஏஐக்குக் கற்றுத்தர வேண்டிய ஆளும் அவர்தான். அவரையோ 36-வது மாதம் கைகுலுக்கி அனுப்பிவிட்டு, 37-வது மாதம் புது ஆளுக்கு அதே நட்டை அறிமுகப்படுத்துகிறார்கள். கற்றதெல்லாம் கேட்டைத் தாண்டி வெளியே போகிறது. கம்பெனியின் வியூக அறிக்கையில் இதற்குப் பெயர் திறன் மேம்பாடு.

எங்கள் ஊர் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆட்டின் பல்லைப் பார்த்தே வயசு சொல்லும் தரகர்கள் உண்டு. அப்பா பின்னால் சந்தை சந்தையாக நடந்து பழகியவர்கள். கற்ற தொழிலிலேயே இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்துக் கெடுத்துவிட வேண்டாம்.

ஆகவே பணிவுடன் வேண்டுவது:

1. மாதம் 26 நாள், நாளைக்கு 8 மணி என்று வைத்தால் 36 மாதப் பயிற்சி 7,488 மணி நேரம். நாலரை மணிக்கு ஒன்று வீதம் ஆளுக்கு 1,664 சான்றிதழ் பாக்கி. விரைந்து அனுப்பவும்.

2. ‘பழகிய ஆளை வேலையில் வைத்துக்கொள்வது எப்படி’ என்று ஏழாவது பாகம் ஒன்றை முதலாளிகளுக்காகச் சேர்க்கவும். நாலரை நிமிடம் போதும்.

3. சான்றிதழுக்குக் காலாவதித் தேதி போடுவதானால், எங்கள் கான்ட்ராக்ட் முடியும் தேதிக்கு ஒரு நாளாவது பின்னால் போடவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நாளையும் ட்ரெய்னிகள்.