காருக்கு முதல் ஹாம் செட்

கேள்வி: ஹாம் உரிமம் கைக்கு வந்துவிட்டது. தினமும் சிவகாசி–விருதுநகர் காரில் போய்வருகிறேன். முதல் செட் எது வாங்கலாம்?

பதில்: வாழ்த்துகள்! 144–146 மெகாஹெர்ட்ஸில் பேசும் எளிய மொபைல் செட் போதும். ஆன்டெனாவில் மட்டும் கஞ்சம் பிடிக்காதீர்கள். அது ராக்கெட்டை வாங்கிவிட்டு பாட்டில் இல்லாமல் நிற்கிற கதை. கூரை நடுவே அரை மீட்டர் கம்பி நின்றாலே அருமையாகக் கேட்கும். வாக்கிடாக்கியை காருக்குள் வைத்துப் பேசினால் சிக்னலில் பெரும்பகுதியைத் தகரமே விழுங்கிவிடும். முழுத் திறனில் செட் 10 ஆம்பியர் வரை இழுக்கும். சிகரெட் லைட்டர் துளையை நம்பாமல், பேட்டரியிலிருந்தே ஃபியூஸ் வைத்து வயர் இழுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பட்டாசு ஆலை, குடோன் பக்கம் போகுமுன்பே செட்டை அணைத்துவிடுங்கள். பெரிய வாணவேடிக்கைகளுக்கு மின்சாரத்தில் பற்றும் திரிகள் உண்டு. பக்கத்தில் கிளம்பும் ரேடியோ அலை அவற்றின் வயரில் மின்னோட்டத்தை உண்டாக்கிவிடக்கூடும்.