நாங்க பார்க்காத மழையா?

கைபேசியில் அரசின் அவசர எச்சரிக்கை அலறினால் அதை அணைத்துவிட்டு, "நாங்க பார்க்காத மழையா?" என்பார் நம் வளைகுடா அண்ணன். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் கொட்டிய 49 செ.மீ. அவருக்கு ஏதோ சொந்த உழைப்பில் சேர்த்த சொத்து மாதிரி. அன்றைக்கும் அவர் ஷார்ஜாவில்தான் இருந்தார், மழையை டிவியில்தான் பார்த்தார் என்பது வேறு விஷயம். 2024 ஏப்ரல் 16-ல் அமீரகத்தின் அல் ஐன் பக்கம் கத்ம் அல் ஷக்லாவில் பெய்தது 25 செ.மீ.தானே, அதில் பாதிதானே என்று கணக்கும் சொல்வார். கணக்கு சரி. ஆனால் சென்னைக்கு ஆண்டு முழுக்க ஏறக்குறைய 140 செ.மீ.; அமீரகத்துக்கோ 10 செ.மீ. தேறினால் பெரிது. இரண்டரை வருஷ மழை ஒரே நாளில் இறங்கியிருக்கிறது, 1949-லிருந்து பதிவேடு காணாத மழை. அதே விகிதத்தில் தாம்பரத்தில் பெய்திருந்தால் மூன்றரை மீட்டர்! தவிர, நம்மூரில் வெள்ளம் வந்தால் மாடிக்கு ஏறித் தப்பலாம். அண்ணன் குடியிருப்பதே பதினெட்டாவது மாடி. கீழே மோட்டார் அறை மூழ்கினால் மேலே லிஃப்டும் இல்லை, குழாயில் சொட்டுத் தண்ணீரும் இல்லை. ஷார்ஜாவில் அப்படித் தவித்த கட்டடங்கள் உண்டு.

"எல்லாம் கவர்ன்மென்ட் பாத்துக்கும்" என்பது அடுத்த வாதம். பாதி உண்மை. அரசு ஊழியருக்கு வீட்டிலிருந்தே வேலை என்று மழைக்கு முந்தைய நாளே அறிவித்தார்கள். பெருக்கெடுத்த வாடிக்குள், அதாவது காட்டாற்றுக்குள், வண்டியை இறக்கினால் 2,000 திர்ஹாம் அபராதம், உரிமத்தில் 23 கறுப்புப் புள்ளி, 60 நாள் வண்டி முடக்கம் என்று 2023-லேயே விதி வந்துவிட்டது. வேடிக்கை பார்க்கக் கூடினாலே 1,000. அண்ணனை மனத்தில் வைத்தே எழுதினார்களோ என்னவோ. ஆனாலும் அவர் வீட்டுக்கு ஒரு டார்ச் வாங்கி வைக்க எந்த அரசும் வராது.

முன்யோசனையே இல்லாதவர் என்றால் அபாண்டம். ஊருக்குப் போக மூன்று மாதம் இருக்கும்போதே கட்டிலுக்கடியில் பெட்டி நிறையத் தொடங்கும்: டேங், நிடோ, கோடாலித் தைலம், பிஸ்தா, மச்சானுக்கு சென்ட். 30 கிலோவுக்கு 100 கிராம் கூடாமல் நிறுத்துக் கட்டுவார். அத்தனை ஆயத்தமும் ஊரைப் பார்த்தே திரும்பியிருக்கிறது. இருபது வருஷம் ஆகியும் மனசுக்குள் அவர் இங்கே குடியிருக்கவில்லை, வந்திருக்கிறார். வந்த இடத்தில் யார் மெழுகுவர்த்தி வாங்கி வைப்பார்?

கட்டில் அகலம் மட்டுமே சொந்தமான பெட்ஸ்பேஸ்காரரிடம் டார்ச், மெழுகுவர்த்தி போட்ட அவசரப் பை எங்கே என்று கேட்கலாமா என்றால், கூடாதுதான். 2024 ஜூன் 12-ல் குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்து 50 பேர் இறந்தார்கள், அவர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அறைகளைத் தடுத்திருந்தது எளிதில் தீப்பிடிக்கும் பொருள், மொட்டைமாடிக் கதவு பூட்டிக் கிடந்தது என்றார்கள் தீயணைப்புத் துறையினர். அங்கே எந்தப் பையும் உதவியிருக்காது; அந்தக் கேள்வியைக் கட்டடம் வைத்திருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும். அண்ணனுக்கு அந்தச் சாக்கும் கிடையாது. முழு ஃப்ளாட், ஒரு படுக்கையறை காலி. அவசரப் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று மட்டும் அவருக்குத் தெரியும். பழைய சோபாவை அங்கேதான் போட்டிருக்கிறார்.