பெரியப்பா வரவில்லை: கூட்டுப் பயணச்சீட்டு குறித்த சில ஆய்வுக் குறிப்புகள்

விமானப் பயணத்துக்காக ஒரே முன்பதிவில் சேர்க்கப்பட்ட பலருள் ஒருவர் மட்டும் விலகிக்கொள்ளும் நிகழ்வு, குடும்ப வரலாற்றில் பாகப்பிரிவினைக்கு அடுத்த நிலையில் வைத்து ஆராயத்தக்கது என்றாலும், அறிஞர்கள் அதற்குரிய கவனத்தை இதுவரை செலுத்தவில்லை. விலகுகிறவர் பெரும்பாலும் பெரியப்பாவாக இருப்பார். வெளியே சொல்லப்படும் காரணம் முழங்கால் வலி. உள்ளே இருக்கும் காரணம், தங்கும் விடுதியை முடிவு செய்தபோது அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது. காசிக்குச் செல்பவர்கள் தமக்குப் பிடித்த ஒன்றைக் கங்கைக் கரையில் விட்டுவிட்டு வருவது மரபென்றால், பெரியப்பா பயணத்தையே சென்னையில் விட்டுவிடுகிறார். காரணம் எதுவாயினும் விமான நிறுவனத்தின் கணினிக்கு அது பொருட்டன்று. எந்தப் பெயரை எடுக்க வேண்டும் என்பதே அதன் கேள்வி. கணினி அந்தப் பெயரை எடுத்த பிறகுதான், அவர் தலையில் எதையெல்லாம் ஏற்றி வைத்திருந்தோம் என்பதைக் குடும்பம் ஒவ்வொன்றாகக் கண்டறிகிறது.

இதன் அடிப்படை பி.என்.ஆர். எனப்படும் பயணியர் பெயர்ப் பதிவாகும். எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீடு ஒன்றின் கீழ், பயணிகளின் பெயர்கள், செல்லும் விமானம், தொடர்பு எண், உணவு விருப்பம், சக்கர நாற்காலி வேண்டுகோள் ஆகிய அனைத்தும் ஒரே ஏட்டில் அடங்குகின்றன. ஒரு பதிவில் பொதுவாக ஒன்பது பேர் வரை இடம்பெறலாம். பத்துப் பேர் ஆகிவிட்டால் அது குழுப் பதிவாகி, அதற்கென்று தனி விலையும் முன்பண விதிகளும் வந்துவிடுகின்றன. இத்தகைய கணினிப் பதிவுகளின் தொடக்கம் சுவையானது. 1953இல் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயார்க் சென்ற விமானமொன்றில், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் சி. ஆர். ஸ்மித்தும், ஐ.பி.எம். நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த பிளேர் ஸ்மித்தும் தற்செயலாக அடுத்தடுத்து அமர்ந்து பேசத் தொடங்கியதன் பயனாக, 1960களில் சேபர் என்னும் முன்பதிவு ஏற்பாடு உருவாயிற்று. பெயரில் மட்டும் ஒற்றுமை கொண்ட, உறவேதும் இல்லாத இருவர் அருகருகே அமர்ந்ததால் பிறந்த அந்த ஏற்பாட்டின் வழித்தோன்றல்கள்தாம், இன்று இரத்த உறவினர்களை நான்காம் வரிசையிலும் இருபத்தேழாம் வரிசையிலுமாகப் பிரித்து உட்கார வைக்கின்றன.

ஒருவரை மட்டும் நீக்குவதற்கு முதலில் பதிவைப் பிரிக்க வேண்டும்; டிராவல்ஸ்காரர்கள் இதை 'ஸ்பிளிட்' என்பார்கள். ஐவர் கொண்ட பதிவென்றால், நால்வர் பழைய குறியீட்டிலேயே இருக்க, விலகுகிறவருக்குப் புதிய குறியீடு ஒன்று வழங்கப்பட்டு, அதன் பிறகே அந்தப் புதிய பதிவு ரத்து செய்யப்படுகிறது. ஆகவே, ஒருவர் பயணத்தில் இல்லாமற்போவதற்காகவே அவருக்குத் தனியாக ஓர் அடையாளம் உண்டாக்கப்படுகிறது. ஐவரில் ஒருவராக இருந்தவரை கிடைக்காத அந்தத் தனி மரியாதை, விலகிய சில நிமிடங்களுக்கு மட்டும் பெரியப்பாவுக்குக் கிடைத்துவிடுகிறது. பிரிந்த பதிவுகள் இரண்டிலும் மற்றதன் குறிப்பு விடாமல் எழுதப்பட்டிருக்கும். பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளிகள் பத்திரத்தில் மட்டும் ஒருவர் பெயரை ஒருவர் சுமந்துகொண்டிருப்பதைப் போன்றது இது.

விலகுவதில் இரண்டு வகை உண்டு. முறையாக ரத்து செய்வது ஒன்று. வருவேன் என்றும் வரமாட்டேன் என்றும் சொல்லாமல், "பார்க்கலாம்" என்ற ஒற்றைச் சொல்லிலேயே புறப்படும் நாள்வரை குடும்பத்தை நிறுத்தி வைப்பது மற்றொன்று. பின்னதை விமானத் துறை 'நோ ஷோ', அதாவது வராதவர் என்று வகைப்படுத்துகிறது. இதில் கட்டண இழப்பு கூடுதல் என்பதோடு, போகும் பயணத்தில் ஏறாதவருடைய திரும்பும் பயணத்தையும் பல நிறுவனங்கள் தாமாகவே நீக்கிவிடுகின்றன. பெரியப்பாக்கள் இரண்டாம் வகையையே விரும்புவதற்குக் காரணம், கடைசி நாள்வரை யாராவது வந்து அழைக்கக்கூடும் என்னும் எதிர்பார்ப்பேயன்றி வேறில்லை.

பணத்தைப் பொறுத்தவரை, விலைப்படி என்னும் கருத்தை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஒரே மாதிரியான இருக்கைகளையே விமான நிறுவனம் பல விலைகளில் அடுக்கி, ஒவ்வோர் அடுக்கிலும் இத்தனை இருக்கைகள்தாம் என்று அளந்து வைத்திருக்கிறது. குறைந்த விலை அடுக்கில் நான்கே இருக்கைகள் மீந்திருக்கும்போது ஐவருக்குச் சேர்த்துத் தேடினால், நால்வருக்கு ஒரு விலையும் ஐந்தாமவருக்கு ஒரு விலையும் என்று கணினி பொதுவாகக் காட்டுவதில்லை. ஐவரையும் அடுத்த அடுக்குக்கு ஏற்றிவிடுகிறது. பின்னர் ஐந்தாமவர் விலகினாலோ, மற்ற நால்வருடைய விலை இறங்குவதில்லை. பெரியப்பா வருவதால் எல்லோருக்கும் செலவு கூடிற்று. அவர் வராததால் யாருக்கும் செலவு குறையவில்லை. அவரிடமே இதை விளக்கிச் சொன்ன குடும்பங்களில் அடுத்த இரண்டு தீபாவளிகள் தனித்தனியாகக் கொண்டாடப்பட்டிருக்கும் என்று ஊகிக்கலாம்.

திரும்பக் கிடைக்கும் தொகைக்கும் விதி உண்டு. டிஜிசிஏ எனப்படும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் நெறிமுறைப்படி, ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கூடுதல் கட்டணத்தையும் சேர்த்த தொகையைத் தாண்டக்கூடாது. அடிப்படைக் கட்டணம் முழுவதும் போய்விட்டாலும், அரசு வரிகளும் விமான நிலையத்துக்குச் செல்லும் பயனாளர் மேம்பாட்டுக் கட்டணமும் பயணிக்குத் திரும்ப வந்தாக வேண்டும். இவ்வளவு தெளிவாகச் சொல்லும் விதி, குடும்பத்துக்குள் பணம் எப்படிப் போக வேண்டும் என்பதில் மௌனம் சாதிக்கிறது. தொகை, விலகியவருக்கு அன்றி, பணம் செலுத்திய அட்டைக்கே திரும்பிச் செல்கிறது. பெரியப்பா தம் பங்காக 7,000 ரூபாயைத் தம்பி மகனுக்கு அனுப்பியிருந்து, அவனுடைய கிரெடிட் கார்டுக்கு 2,000 ரூபாய் திரும்பி வந்தது என்று வைத்துக்கொண்டால், அந்த இரண்டாயிரத்தைக் கொடுத்தால் "இதைப் போய்க் கணக்குப் பார்க்கிறானே" என்னும் பேச்சும், கொடுக்காவிட்டால் "அதையும் விழுங்கிவிட்டான்" என்னும் பேச்சும் எழுகின்றன. முழு ஏழாயிரத்தையும் கொடுத்துவிட்டாலோ, பணத்திமிர் என்னும் மூன்றாவது பேச்சுக்கு இடமாகிறது.

சித்தப்பா பெட்டியோடு ஆயத்தமாக நின்றாலும், அண்ணனுடைய இடத்தில் அவரை ஏற்ற முடியாது. இந்திய ரயில்வேயில், உறுதியான பயணச்சீட்டைப் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், கணவன் அல்லது மனைவி பெயருக்கு, வண்டி புறப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன் விண்ணப்பித்து மாற்றிக்கொள்ளலாம். கூட்டுக் குடும்பம் எப்படி இயங்குகிறது என்பதை ரயில்வே புரிந்து வைத்திருக்கிறது. விமானத்தில் எழுத்துப் பிழையைத் திருத்தலாமேயன்றி ஆளை மாற்ற இயலாது என்பதால், சித்தப்பாவுக்கு அன்றைய விலையில் புதுச் சீட்டு எடுக்க வேண்டும். பெரியப்பாவின் காலி இருக்கையோ, விலைபேசும் சந்தைக்குத் திரும்பிப் போய், பெரியம்மாவுக்கும் மருமகளுக்கும் நடுவில் முன்பின் தெரியாத ஒருவரைக் கொண்டுவந்து அமர்த்தும். அவரும் காசி சேரும்வரை முறுக்கு டப்பாவை இப்புறமும் அப்புறமும் கைமாற்றிக் கொடுக்கும் பணியை ஏற்றுக்கொண்டாக வேண்டும்.

பிள்ளைகள் உடன் இருந்தால் சிக்கல் சட்டத்தைத் தொடுகிறது. 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, அதே பி.என்.ஆரில் பயணம் செய்யும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவரின் பக்கத்திலேனும் இருக்கை தரவேண்டும் என்று 2024 ஏப்ரலில் டிஜிசிஏ அறிவுறுத்தியது; ஆகவே பதிவைப் பிரிக்கும்போது, எந்தக் குழந்தை எந்தப் பெரியவரோடு நிற்கிறது என்பதைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். இரண்டு வயது நிறையாத மழலைக்குத் தனி இருக்கை இல்லை. ஒரு பெரியவருக்கு ஒரு மழலை என்பது கணக்கு. இரட்டைக் குழந்தைகளின் தந்தை விலகிவிட்டால், தாய் இருவரையும் மடியில் வைத்துக்கொள்ள அனுமதியில்லை என்பதால், ஒரு குழந்தை பாட்டியின் பெயரோடு இணைக்கப்படும். அதோடு, ஏர்பஸ் ஏ320 போன்ற விமானங்களில் மூன்று இருக்கைகளுக்கு மேலே பொதுவாக நான்கு ஆக்சிஜன் முகமூடிகளே இருப்பதால், மழலையோடு இருக்கும் இருவரை அந்த மூன்று இருக்கைகளுக்குள் சேர்த்து அமர்த்துவதில்லை. பாட்டி முன்னே, தாய் பின்னே என்றாகி, பால் புட்டி மட்டும் எப்போதும் தவறான வரிசையில் இருக்கும்.

மூட்டை முடிச்சில் இன்னொரு நட்டம் உண்டு. உள்நாட்டுப் பயணத்தில் ஆளுக்கு 15 கிலோ என்பதே வழக்கமான அளவாதலால், ஐவருக்கு 75 கிலோவாக இருந்தது நால்வருக்கு 60 ஆகிவிடுகிறது. பெட்டிகளோ ஏற்கெனவே 73 கிலோவுக்குக் கட்டி முடிக்கப்பட்டவை. கவுன்டரில் எடை இயந்திரத்தின் எண்ணைப் பார்த்ததும், குடும்பம் ஓரமாக ஒதுங்கிப் பெட்டிகளைத் திறக்கிறது. காசியின் மார்கழிக் குளிருக்காக வாங்கிய கம்பளிச் சட்டைகளை நால்வரும் ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து, மப்ளரைக் கட்டிக்கொண்டு, மீனம்பாக்கத்தின் நண்பகலில் வியர்த்து நிற்கிறார்கள். எடை குறைந்துவிடுகிறது, பெரியம்மா தம் கணவரைப் பற்றி முதன்முறையாக உரத்த குரலில் கருத்துச் சொல்வதும் இந்தக் கட்டத்தில்தான்.

யாவற்றிலும் நுட்பமானது தொடர்பு எண் பற்றிய சிக்கலாகும். முன்பதிவின்போது மரியாதை கருதிப் பெரியப்பாவின் கைப்பேசி எண்ணையே கொடுத்திருப்பார்கள். பதிவு பிரிக்கப்படும்போது அந்த எண்ணை மாற்ற யாருக்கும் தோன்றுவதில்லை. விளைவாக, விமானம் இரண்டு மணி நேரம் தாமதம் என்னும் குறுஞ்செய்தி, அந்த விமானத்தில் போகாத ஒரே ஒருவருக்குப் போய்ச் சேருகிறது. அவர் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, அதை இருமுறை படித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து வைத்துவிட்டு, என்னை யாரும் கேட்கவில்லையே என்று பேசாமல் இருந்துவிடுகிறார். பயண ஏற்பாட்டில் அவரைக் கலந்துகொள்ளவில்லை என்னும் குறை, இவ்வாறு அவர் கையாலேயே வட்டியோடு தீர்க்கப்படுகிறது.

இவற்றையெல்லாம் தவிர்க்க, ஐயத்துக்குரியவரை முதலிலேயே தனிப் பதிவில் போட்டுவிடுவது நல்லது என்று அனுபவசாலிகள் கூறுவர். விலைப்படியும் பணமும் தொடர்பு எண்ணும் அப்போது ஒன்றோடொன்று சிக்குவதில்லை. ஆனால் பயணச்சீட்டு வாட்ஸ்அப்பில் வந்ததும், மற்ற நால்வரின் குறியீடும் தம்முடையதும் வேறு என்பதைப் பெரியப்பா உடனே கவனித்து, "என்னை மட்டும் ஏன் தனியாகப் போட்டீர்கள்?" என்று கேட்டு, அன்றைக்கே ரத்து செய்யச் சொல்லிவிடுவார். பதிவைப் பிரிக்கும் வேலை மட்டும் அப்போது மிச்சமாகும்.